பெயர் தெரியாத பத்தாம் எண்

கால்பந்தை நான்காண்டுக்கு ஒருமுறை மட்டும் எட்டிப் பார்ப்பவர்களுக்குக் கிடைக்காத ஓர் இன்பம் உண்டு. மைதானத்தில் ஓடும் இருபத்திரண்டு பேரில் ஒருவர் பெயரும் தெரியாமல் ஆட்டம் பார்ப்பதுதான் அது. மெஸ்ஸியின் காலுக்குப் பந்து போனால் கண் பார்ப்பதற்குள் மனம் கைதட்டிவிடுகிறது. பெயர் அத்தனை வேலை செய்கிறது. அதுவே பதினெட்டு, பத்தொன்பது வயதுப் பெண் ஒருத்தி, முதுகில் 10 என்ற எண்ணோடு, நடுவட்டத்துக்குப் பக்கத்தில் பந்தை வாங்கித் திரும்புகிறாள் என்று வையுங்கள். எந்த ஊர், எந்த கிளப், ஒன்றும் தெரியாது. அந்தத் திருப்பம் நன்றாக இருந்ததா இல்லையா என்பதை நம் கண்தான் சொல்ல வேண்டும். கேட்டுத் தெரிந்துகொள்ளவும் ஆள் கிடையாது. வர்ணனையாளரே கையிலுள்ள தாளைப் புரட்டிக்கொண்டிருப்பார்.

அந்த இன்பத்தை அள்ளித் தரும் தொடர் ஒன்று வருகிறது. 20 வயதுக்குட்பட்ட பெண்களுக்கான உலகக் கோப்பை, 2026 செப்டம்பர் 5 முதல் 27 வரை போலந்தில் நடக்கிறது. வூச், கட்டோவிட்சே, சோஸ்னோவியெட்ஸ், பியெல்ஸ்கோ-பியாவா என்று நான்கு நகரங்கள், 24 அணிகள், 52 ஆட்டங்கள். 2006 ஜனவரி முதல் தேதிக்கு முன் பிறந்தவர்களுக்கு இடமில்லை. பெரியவர்களின் உலகக் கோப்பைக்குக்கூட இவ்வளவு ஆவலோடு நான் காத்திருந்ததில்லை.

சென்னையில் மார்கழி சீசனில் மத்தியானக் கச்சேரிகளுக்கென்றே வருகிற ரசிகர்கள் உண்டு. மாலைக் கச்சேரிக்கு டிக்கெட் வாங்க வசதி இருந்தும், பகல் ஒன்றரை மணிக்கு, பாதி காலியான அரங்கில், இன்னும் பெயர் எடுக்காத ஒரு பெண் பாடுவதைக் கேட்க வந்து உட்காருவார்கள். குரல் இன்னும் முழுதாகப் பதப்படவில்லை என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் ஒரு பிடி, ஒரு சங்கதி, பாட்டியிடமும் குருவிடமும் கற்றது போக அவளுடையதாகவே ஒன்று, எங்கோ ஓரிடத்தில் வந்து விழும். அதற்காகத்தான் வருகிறார்கள். இந்தத் தொடரை நான் பார்ப்பதும் அந்த மனநிலையில்தான்.

இத்தொடர் முதன்முதலில் நடந்தது 2002-ல், கனடாவில். அப்போது வயது வரம்பு 19. 2006-ல் ரஷ்யாவில் நடந்தபோதுதான் 20 ஆனது. 2002-ல் எட்மன்டன் நகரத்து இறுதி ஆட்டத்துக்கு 47,784 பேர் வந்தார்கள். கூடுதல் நேரத்தில் விழுந்த ஒரே கோலில் அமெரிக்கா கனடாவை வென்றது. தோற்ற அணியில், அந்தத் தொடரில் மட்டும் 10 கோல் அடித்த பெண் ஒருவர் இருந்தார்: கிறிஸ்டின் சின்கிளேர். பின்னாளில் நாட்டுக்காக 190 கோல் அடித்து ஓய்வு பெற்றார். ஆண்கள் கால்பந்திலும் பெண்கள் கால்பந்திலும் அந்த எண்ணிக்கையைத் தொட்டவர் வேறு யாரும் இல்லை. அதே தொடரில் பிரேசிலின் முன்வரிசையில், பதினாறு வயதுச் சிறுமி ஒருத்தி இடது காலால் தடுப்பாட்டக்காரர்களை அலைக்கழித்துக்கொண்டிருந்தாள். அவள்தான் மார்த்தா. உலகக் கோப்பைகளில் 17 கோல் என்று இன்று சாதனைப் புத்தகத்தில் இருக்கும் அதே மார்த்தா. அன்று எட்மன்டனுக்கும் வான்கூவருக்கும் டிக்கெட் வாங்கிப் போனவர்களில் எத்தனை பேருக்கு இந்த இரண்டு பெயர்களும் முன்பே தெரிந்திருக்கும்? பார்த்துப் பார்த்து அவர்களே கண்டுகொண்டிருக்க வேண்டும்.

பிறகும் அப்படியே நடந்தது. 2008-ல் சிலியில் அமெரிக்கா வென்ற இறுதி ஆட்டத்தில் கோல் அடித்தவர்களில் ஒருவர் அலெக்ஸ் மார்கன். 2010-ல் சொந்த நாட்டில் ஜெர்மனி கோப்பையை வென்றபோது அலெக்சாந்திரா போப் எல்லா ஆட்டத்திலும் கோல் அடித்தார்; மொத்தம் 10. 2014 அரையிறுதியில் வட கொரியாவை நைஜீரியா 6-2 என்று நொறுக்கியது. அதில் நான்கு கோல் அசிசாட் ஒஷோவாலா அடித்தவை.

இருந்தாலும், பரிசுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு "இவள்தான் நாளைய நட்சத்திரம்" என்று பார்ப்பது இந்தத் தொடரை ரசிக்கும் முறை ஆகாது. 2018-ல் பிரான்சில் சிறந்த ஆட்டக்காரருக்கான தங்கப் பந்தையும், அதிக கோல் அடித்தவருக்கான தங்கக் காலணியையும் சேர்த்து வாங்கியவர் ஸ்பெயினின் பத்ரி கிஹாரோ, ஆறு கோல்கள். அந்த ஆறு கோலை மட்டும் பார்த்தவர்கள் அவரை ஒரு கோல்காரி என்றுதான் எழுதி வைத்திருப்பார்கள். அவரோ பார்சிலோனாவில் நடுக்களத்தின் அடியில், தடுப்பு வரிசைக்குச் சற்று முன்னால் நின்று, ஆட்டத்தின் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் ஆளாக வளர்ந்தார். பந்து வருமுன்பே அடுத்த பாஸை முடிவு செய்துவிடும் குணம் 2018-லும் அவரிடம் இருந்தது. கோல்களின் சத்தத்தில் அது பலர் காதில் விழவில்லை, அவ்வளவுதான். 2023-ல் ஐரோப்பிய சாம்பியன்ஸ் லீக் இறுதியில் பார்சிலோனா 0-2 என்று பின்தங்கி நின்றபோது, இடைவேளைக்குப் பிறகு இரண்டு நிமிடத்தில் இரண்டு கோல் அடித்து ஆட்டத்தைப் புரட்டியவரும் அவர்தான் என்பதையும் சொல்லிவிட வேண்டும். பழைய தொழில் மறக்கவில்லை.

அப்படியானால் எதைப் பார்ப்பது? நான் பார்ப்பது முதல் தொடுதலை. அதற்கும் முன்னால் கழுத்தை.

பந்து ஒருத்தியை நோக்கி உருண்டு வரும்போது பந்தைப் பார்க்காதீர்கள், அவள் தலையைப் பாருங்கள். நம் ஊர் மைதானங்களில் பின்னாலிருந்து "ஆள் வருது!" என்று கூட ஆடுபவர்கள் கத்துவார்கள். நல்ல நடுக்கள ஆட்டக்காரிக்கு அந்தக் கத்தல் தேவைப்படாது. பந்து வந்து சேர்வதற்குள் இடது தோளுக்கு மேல் ஒருமுறை, வலது தோளுக்கு மேல் ஒருமுறை திரும்பிப் பார்த்திருப்பாள். அப்படிப் பார்த்தவளின் முதல் தொடுதலில் பந்து காலடியில் செத்து விழாது. அடுத்து எங்கே போகப் போகிறாளோ அந்தப் பக்கம், ஓர் அடி, ஒன்றரை அடி தள்ளிப் போய் நிற்கும். பார்க்காதவளின் தொடுதல் எவ்வளவு மென்மையாக இருந்தாலும், பந்தை நிறுத்திவிட்டு நிமிரும்போது எதிராளி மூக்குக்கு முன்னால் நிற்பாள். இந்த வித்தியாசத்தைத் தொலைக்காட்சியில்கூட நன்றாகப் பார்க்கலாம். ஒரு பாதி ஆட்டம் முழுக்க ஒரே ஒருத்தியின் கழுத்தை மட்டும் கவனித்துப் பாருங்கள். ஸ்கோரைப் பார்க்காமலே எந்த அணி வெல்லும் என்று சொல்லத் தொடங்கிவிடுவீர்கள்.

ஆண்களின் ஆட்டத்தை மட்டம் தட்டுவதற்காக இதைச் சொல்லவில்லை. ஆனால் இன்றைய ஆண்கள் கால்பந்தில் வேகமும் உடல்வலுவும் கூடிக் கூடி, பந்து வாங்குபவருக்குக் கிடைக்கும் நேரம் சுருங்கிவிட்டது. தொடுதலுக்கும் முடிவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி கண்ணில் படுவதில்லை. இளம் பெண்களின் ஆட்டத்தில் அந்த இடைவெளி திறந்து தெரிகிறது. ஒருத்தி யோசிப்பதையும், யோசித்ததை மாற்றுவதையும், மாற்றியதைத் துணிந்து செய்வதையும் பார்க்க முடிகிறது. தவறுகளும் தெரியும். தப்பான தொடுதல், அவசரப் பாஸ், ஆளில்லாத இடத்துக்கு அடித்த கிராஸ், எல்லாம் இருக்கும். அவற்றுக்கு நடுவில் பிறக்கும் சரியான முடிவுக்கு அதனாலேயே ருசி அதிகம்.

லிண்டா கைசெதோவை எடுத்துக்கொள்ளுங்கள். கொலம்பியாக்காரர், 2005 பிப்ரவரியில் பிறந்தவர். 2022 ஆகஸ்டில் கோஸ்டா ரிக்காவில் 20 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, அதே ஆண்டு அக்டோபரில் நம் நாட்டில் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை, 2023 ஜூலையில் ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பெரியவர்களின் உலகக் கோப்பை. ஓராண்டுக்குள் மூன்றிலும் ஆடினார். நவி மும்பையின் டி.ஒய். பாட்டீல் மைதானத்தில் 2022 அக்டோபர் 30 அன்று நடந்த இறுதியில் ஸ்பெயினிடம் கொலம்பியா 0-1 என்று தோற்றது; 82-ஆம் நிமிடத்தில் விழுந்த சொந்த கோல் அது. அன்று ஸ்கோரை மட்டும் பார்த்துவிட்டுத் தொலைக்காட்சியை அணைத்தவர்களுக்கு அந்த இடது ஓரத்துப் பெண் நினைவில் நின்றிருக்க மாட்டாள்.

ஒன்பது மாதம் கழித்து, சிட்னியில், ஜெர்மனிக்கு எதிராக 52-ஆம் நிமிடம். பெனால்டி பெட்டிக்குள் இடது பக்கம் கைசெதோவிடம் பந்து வருகிறது. முன்னால் இரண்டு ஜெர்மன் தடுப்பாட்டக்காரர்கள், இருவரும் அவரைவிட உயரம். சாதாரண ஆட்டக்காரர் அங்கே பந்தைப் பின்னால் தட்டிவிட்டு மூச்சுவிடுவார். கைசெதோ வேகத்தைக் கூட்டவில்லை, ஒரு கணம் குறைத்தார். அந்தக் குறைப்பில் இருவரும் எடையைக் காலுக்குக் கால் மாற்ற, அவர்களுக்கு நடுவிலேயே பந்தை உள்ளே இழுத்தார். அடுத்த தொடுதலிலேயே வலது காலின் உட்புறத்தால் வளைத்து அடித்தார். பந்து கோல்கீப்பரைச் சுற்றிக்கொண்டு எதிர்ப்பக்க மேல்மூலையில் விழுந்தது. கொலம்பியா அந்த ஆட்டத்தை 2-1 என்று வென்றது. உலகமே அந்த கோலைத் திரும்பத் திரும்பப் பார்த்தது. வேகத்தைக் குறைத்து எதிராளியை ஏமாற்றும் அந்த வித்தையை கோவாவிலும் நவி மும்பையிலும் அவர் செய்துகொண்டிருந்தபோதே பார்த்தவர்களுக்கு அதில் வியப்பு குறைவாக இருந்திருக்கும். மகிழ்ச்சி கூடுதலாக இருந்திருக்கும்.

ஒரு தனி ஆளைத் தொடர்வதுபோல் ஓர் அணியையே தொடரலாம். 2018-ல் பிரான்சில் நடந்தது இதற்கு நல்ல சான்று. குழு ஆட்டத்தில் ஜப்பானை ஸ்பெயின் 1-0 என்று வென்றது. இரண்டு அணிகளும் ஒவ்வொரு சுற்றாகத் தாண்டி, ஆகஸ்ட் 24 அன்று வான் நகரில் இறுதியில் மறுபடி சந்தித்தன. முதல் அரை மணி நேரம் பந்து பெரும்பாலும் ஸ்பெயினிடம். 38-ஆம் நிமிடத்தில் ஹினாதா மியாசாவா என்ற பதினெட்டு வயதுப் பெண் பெட்டிக்கு வெளியிலிருந்து அடித்த பந்து வலைக்குள் போனது. இடைவேளைக்குப் பிறகு இன்னும் இரண்டு கோல். 3-1 என்று ஜப்பானுக்குக் கோப்பை. அந்த அணியின் பயிற்சியாளர் ஃபுடோஷி இகேதா. தோற்ற ஸ்பெயினின் அந்தத் தொடர் அணியில் இருந்தவர்களில் ஒருவர் அய்தானா பொன்மாத்தி.

ஐந்தாண்டு கழித்து 2023 உலகக் கோப்பையில், வெலிங்டனில், அதே இரண்டு நாடுகள் குழு ஆட்டத்தில் மோதின. ஜப்பானின் பயிற்சியாளர் அதே இகேதா. பந்து நான்கில் மூன்று பங்கு நேரம் ஸ்பெயினின் காலடியில்தான் இருந்தது. 12-ஆம் நிமிடத்தில் இடதுபக்கத்திலிருந்து ஜுன் எண்டோ ஸ்பெயினின் தடுப்பு வரிசைக்குப் பின்னால் ஒரு நீள பாஸை இறக்கினார். அந்த இடத்தில் அப்போது யாருமே இல்லை. பந்து கிளம்புவதற்கு முன்பே மியாசாவா ஓடத் தொடங்கியிருந்ததால்தான் அது பாஸ் ஆனது. இல்லையென்றால் வெறும் உதை. கோல். பிறகு ரிக்கோ உயெகி ஒன்று, மறுபடி மியாசாவா ஒன்று, கடைசியில் இன்னொன்று என்று 4-0. எண்டோ, உயெகி, மியாசாவா மூவரும் 2018-ல் இகேதாவின் கையில் ஒன்றாக வளர்ந்தவர்கள். ஒருத்தி தலை நிமிரும்போது இன்னொருத்தி எங்கே ஓடுவாள் என்பது பயிற்சிப் பலகையில் வரைந்து வந்த அறிவு அல்ல; பதினெட்டு வயதிலிருந்து பக்கத்தில் பக்கத்தில் ஆடி வந்தது. மியாசாவா ஐந்து கோலோடு அந்த உலகக் கோப்பையின் தங்கக் காலணியை வாங்கினார். கோப்பையை வாங்கியது ஸ்பெயின். சிறந்த ஆட்டக்காரர் பொன்மாத்தி. 2018-ல் பார்த்தது 2023-ல் தலைகீழாக நடந்தது. ஐந்தாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு ஆட்டங்களையும் அடுத்தடுத்து பார்த்தவர்கள், ஒரு நல்ல நாவலின் இரண்டு பாகங்களையும் படித்து முடித்த நிறைவை அடைந்திருப்பார்கள்.

2020-ல் நடக்க வேண்டிய தொடர் கொரோனாவால் ரத்தானது. அடுத்து 2022-ல் கோஸ்டா ரிக்காவில் மறுபடி ஸ்பெயினும் ஜப்பானும். இம்முறை ஸ்பெயின் 3-1. அந்த இறுதியில் இரண்டு கோல் அடித்தவர் சல்மா பரயுவேலோ. பதினைந்து வயதில் ஐரோப்பிய உள்ளரங்கத் தடகளப் போட்டியில் 400 மீட்டர் ஓடியவர். முழங்காலில் பெரிய காயம் பட்டு மீண்டவர். 17 வயதுக்குட்பட்டோர், 20 வயதுக்குட்பட்டோர், பெரியவர்கள் என்று மூன்று உலகக் கோப்பைகளும் அவர் கையில் இருக்கின்றன. முழங்கால் தசைநார்க் கிழிவு பெண் ஆட்டக்காரர்களுக்கு ஆண்களைவிட அதிகமாக வருகிறது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். இந்த வயதில் நாம் பார்த்து வியக்கும் பெண்களில் சிலர் காயத்தாலேயே நின்றுபோகிறார்கள். பார்க்கக் கிடைக்கும்போதே கவனமாகப் பார்க்க இதுவும் ஒரு காரணம்.

வட கொரியாவைப் பார்க்க வேறொரு காரணம் உண்டு. 2024 செப்டம்பர் 22 அன்று பொகோட்டாவில், கடல்மட்டத்திலிருந்து 2,600 மீட்டர் உயரத்தில், ஜப்பானை 1-0 என்று வென்று மூன்றாம் முறை இந்தக் கோப்பையை எடுத்தார்கள். அமெரிக்காவுக்கும் ஜெர்மனிக்கும்கூட மூன்றுதான். ஒரே கோலை அடித்த சொய் இல்-சொன்னுக்கு அப்போது 17 வயது. தங்கப் பந்தும் தங்கக் காலணியும் அவருக்கே. சரியாக ஆறு வாரத்தில், டொமினிக்கன் குடியரசில், அவர்களின் 17 வயதுக்குட்பட்ட அணியும் உலகக் கோப்பையை வென்றது. 2025-ல் மொராக்கோவில் மறுபடி வென்றது. பந்து பறிபோன அடுத்த நொடியே மூன்று பேர் சேர்ந்து அதைத் திரும்பப் பறிக்கப் பாய்வதும், எண்பதாம் நிமிடத்திலும் அதே மூச்சோடு ஓடுவதும் அவர்களுடைய முத்திரை. ஆனால் இந்தப் பெண்களை நாம் பார்ப்பது பெரும்பாலும் இந்தத் தொடர்களில் மட்டும்தான். வெளிநாட்டு கிளப்களில் அவர்கள் ஆடுவதில்லை. அவர்களுடைய பெரியவர்கள் அணி 2015, 2019, 2023 உலகக் கோப்பைகள் எதிலும் இல்லை. மார்த்தாவைத் தவறவிட்டவர் இருபதாண்டு வேறெங்கோ பார்த்துக்கொள்ளலாம். இவர்களைத் தவறவிட்டால் விட்டதுதான்.

கோல்கீப்பர்களைப் பற்றி ஒரு வார்த்தை. பெண்கள் கால்பந்தைக் கேலி செய்பவர்கள் முதலில் கைவைப்பது அவர்கள் மேல்தான். கோலின் அகலம் 24 அடி, உயரம் 8 அடி. இந்த அளவு ஆண்களுக்கும் அதேதான், பதினெட்டு வயதுப் பெண்ணுக்கும் அதேதான். உயரத்தில் குறைவான ஒருத்தி அதே சட்டகத்தைக் காக்கும்போது, நிற்கும் இடத்தை ஓரடி முன்னே பின்னே மாற்றித்தான் கோணத்தைச் சுருக்க முடியும். எந்தப் பந்துக்கு வெளியே வருவது, எதற்குக் கோட்டிலேயே நிற்பது என்ற கணக்கை அவள் இன்னும் நுட்பமாகப் போட வேண்டும். தலைக்கு மேல் போன ஒரு பந்தைத் திரும்பத் திரும்பக் காட்டிச் சிரிப்பவர்கள், அதே ஆட்டத்தில் அவள் சரியான இடத்தில் நின்றதாலேயே உதைக்கப்படாமல் போன பந்துகளைக் கவனிப்பதில்லை.

2024 கொலம்பியாத் தொடரில் புதிதாக ஒன்று வந்தது. வீடியோ அறையில் தனி நடுவர்கள் உட்கார்ந்து பார்க்கும் ஏற்பாட்டுக்குப் பதிலாக, பயிற்சியாளரே மேல்முறையீடு கேட்கலாம். ஓர் ஆட்டத்துக்கு இரண்டு வாய்ப்பு. கேட்டது சரியென்றால் அந்த வாய்ப்பு கைவிட்டுப் போகாது. விரலைக் காற்றில் சுழற்றிக் காட்டி, ஒரு அட்டையை நான்காவது நடுவரிடம் கொடுக்க வேண்டும். நடுவர் ஓரத்திலுள்ள திரையில் போய்த் தாமே பார்த்து முடிவு சொல்வார். எனக்கு இது பிடித்திருந்தது. பெட்டிக்குள் விழுந்த பெண் எழுந்து பயிற்சியாளரைப் பார்த்துக் கையசைப்பதும், பயிற்சியாளர் அவள் சொல்லை நம்புவதா வேண்டாமா என்று ஒரு கணம் தயங்குவதும் ஆட்டத்தின் பகுதியாகவே ஆகிவிட்டன. இந்த வயது ஆட்டத்துக்கு அந்த நம்பிக்கைச் சோதனை பொருத்தமாகவும் இருந்தது.

போலந்துக்கு வருவோம். தேர்ந்தெடுத்த நகரங்களைப் பார்த்தாலே மனம் குளிர்கிறது. பெண்கள் கால்பந்து ஏற்கெனவே வேர்விட்ட ஊர்கள் அவை. சோஸ்னோவியெட்ஸின் சார்னி கிளப்தான் போலந்தின் பெண்கள் லீகை மிக அதிக முறை வென்ற அணி. பக்கத்திலேயே இருக்கும் நிலக்கரி நகரமான கட்டோவிட்சேயின் ஜிகேஎஸ் பெண்கள் அணி 2023-லும் 2025-லும் சாம்பியன். அங்குள்ள புதிய மைதானம் 2025-ல்தான் திறந்தது. 2022-ல் லீகை வென்றது வூச் நகரத்துப் பெண்கள் அணி. வூச் பஞ்சாலைகளின் ஊர். 1971 பிப்ரவரியில் அந்த ஆலைகளில் வேலை செய்த பெண்கள் வேலைநிறுத்தம் செய்து, உணவுப் பொருள்களின் விலையேற்றத்தை அரசைத் திரும்பப் பெற வைத்தார்கள். அந்தப் பெண்களின் பேத்திகள் வயதில் இருப்பவர்கள் செப்டம்பரில் அங்கே ஆடப் போகிறார்கள்.

போட்டியை நடத்தும் நாடு என்ற முறையில் போலந்துக்கு நேரடி இடம் உண்டு. அந்த அணியின் பெண்கள் யாரைப் பார்த்து வளர்ந்தார்கள் என்பதில் சந்தேகமில்லை. வூச் மாகாணத்தின் உனியேயுவ் என்ற சிற்றூரில் பிறந்த ஏவா பயோர், 2013-ல் போலந்து 17 வயதுக்குட்பட்டோர் ஐரோப்பியக் கோப்பையை வென்றபோது அந்த அணியில் இருந்தார். 2024-ல் பார்சிலோனாவுக்குப் போய், முதல் பருவத்திலேயே ஸ்பானிய லீகில் அதிக கோல் அடித்தவர் ஆனார். 2025-ல்தான் போலந்தின் பெரியவர்கள் அணி முதல்முறையாக ஐரோப்பியக் கோப்பையில் ஆடியது. இளையோர் கோப்பையை வென்ற தலைமுறை பெரிய மேடை ஏறப் பன்னிரண்டு ஆண்டு ஆயிற்று. இளையோர் கால்பந்தின் பலன் இப்படி மெதுவாகத்தான் வரும்.

நமக்கும் அது பொருந்தும். 2022-ல் 17 வயதுக்குட்பட்டோர் உலகக் கோப்பை இந்தியாவில் நடந்தபோது, நடத்தும் நாடு என்பதால் நம் பெண்களும் ஆடினார்கள். 2020-ல் நடக்க வேண்டியது தள்ளிப்போய், ரத்தாகி, மறுபடி கிடைத்த வாய்ப்பு அது. புவனேஸ்வரில் மூன்று ஆட்டம்: அமெரிக்காவிடம் 0-8, மொராக்கோவிடம் 0-3, பிரேசிலிடம் 0-5. அந்த எண்களைத் தூக்கிக்கொண்டு அலைந்தவர்கள் நிறையப் பேர். அதே நாட்டின் 20 வயதுக்குட்பட்ட அணி 2025 ஆகஸ்டில் யாங்கூனில், மியான்மரை அவர்கள் மண்ணிலேயே 1-0 என்று வென்று, இருபது ஆண்டுக்குப் பிறகு ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. அதே ஆண்டு அக்டோபரில் பிஷ்கெக்கில் 17 வயதுக்குட்பட்ட அணி உஸ்பெகிஸ்தானை 2-1 என்று வென்று தன் பிரிவின் ஆசியக் கோப்பைக்குத் தகுதி பெற்றது. இந்த இரண்டு வெற்றிகளும் 0-8 பேசப்பட்ட அளவில் பத்தில் ஒரு பங்குகூடப் பேசப்படவில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது. தோற்றபோது பார்த்த கண்கள் வென்றபோதும் பார்த்திருக்க வேண்டும்.

செப்டம்பரில் ஆட்டம் பார்க்க உட்காருபவர்களுக்கு என் அனுபவத்திலிருந்து ஓரிரண்டு சொல்கிறேன். குழு ஆட்டங்களை விடாதீர்கள். நாக் அவுட் சுற்றில் பயம் வந்துவிடும். தோற்றால் வீட்டுக்குப் போக வேண்டும் என்ற நினைப்பில் பெண்கள் பந்தைப் பத்திரமாக ஆடத் தொடங்குவார்கள். துணிச்சல் எல்லாம் முதல் இரண்டு ஆட்டங்களில்தான். ஐரோப்பிய, ஆசிய அணிகளை மட்டும் பார்க்காமல், ஆப்பிரிக்காவிலிருந்தும் தென்னமெரிக்காவிலிருந்தும் வரும் அணிகளுக்கு ஒரு மாலையாவது ஒதுக்குங்கள். தெருவில் கற்ற டிரிபிள் அங்கே இன்னும் உயிரோடு இருக்கிறது. அறுபதாவது நிமிடத்துக்குப் பிறகு கவனத்தைக் கூட்டுங்கள். கால்கள் சோர்ந்து அணிகளின் கட்டு தளரும் அந்த நேரத்தில், யார் இன்னும் தோளுக்கு மேல் திரும்பிப் பார்க்கிறாள் என்று தேடுங்கள். பெயரைத் தேடாதீர்கள், எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். பெயர் தானாக வந்து சேரும். சில சமயம் ஐந்தாண்டு கழித்து வரும்.

போலந்தில் மாலை 6 மணி என்றால் நமக்கு இரவு 9.30. வீட்டிலோ தெருவிலோ பந்து ஆடும் பெண்பிள்ளை இருந்தால் அவளையும் கூப்பிட்டு உட்காரவையுங்கள். மறுநாள் பள்ளி இருந்தாலும் முதல் பாதியாவது பார்க்க விடுங்கள்.